கடலோடு மல்லுக்கு நில்லாத மூங்கில் வேலி

உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளின் முன்வரிசையில் நிற்பது இந்தோனேசியா. அந்நாட்டின் ஜாவாத் தீவில், வடகடற்கரையில், செமாராங் என்னும் பெருநகருக்குக் கிழக்கே தெமாக் என்றொரு மாவட்டம் இருக்கிறது. இஸ்லாம் கிழக்கு நாடுகளில் பரவிய வரலாற்றைப் படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. ஜாவாவில் எழுந்த முதல் முஸ்லிம் சுல்தானகத்தின் தலைநகர் இதுவே. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராடன் பத்தாஹ் என்பவர் அதனை நிறுவினார். அவர் காலத்துப் பெரிய பள்ளிவாசல் இன்றும் அங்கே தொழுகை நடைபெறும் பள்ளியாக நிற்கிறது. அதன் கூரையைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களுள் ஒன்றை, சுனன் கலிஜகா என்ற இறைநேசச் செல்வர், முழு மரம் கிடைக்காத நிலையில் துண்டு மரங்களையும் சிராய்களையும் ஒன்றாகக் கட்டி ஆக்கித் தந்தார் என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

வாசக அன்பர்களே! அந்தப் புகழ்பெற்ற மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர்கள் சில இன்று கடலுக்குள் இருக்கின்றன. கடலோரத்தில் என்று எழுத வந்தவன் கைதவறி எழுதிவிடவில்லை. சாயுங் வட்டத்தில் திம்புல்ஸ்லோகோ என்ற ஊரின் ஒரு பகுதியில் வீட்டுக்கு வீடு போக மரப்பலகைப் பாலங்களே தெருக்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. மக்கள் தரையை உயர்த்துகிறார்கள். சில ஆண்டுகளில் மீண்டும் உயர்த்துகிறார்கள். சுவரும் கூரையும் இருந்த இடத்திலேயே இருக்க, தரை மட்டும் மேலேறிக்கொண்டே வந்ததால், குனிந்துதான் நுழைய வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்ட வீடுகள் அங்கே உண்டு. ஊரின் மையவாடிக்குள்ளும் ஓதநீர் புகுந்தது. மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கித்தான் அவ்வூரார் தம் ஜனாஸாக்களை அடக்கம் செய்ய முடிந்தது. அருகிலுள்ள பெதோனோ ஊராட்சியில் தம்பாக்சாரி, ரெஜோசாரி செனிக் என்ற இரு குடியிருப்புகளின் மக்கள் ஏறத்தாழ முழுவதுமாக வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தம்பாக்சாரியில் ஷைகு அப்துல்லாஹ் முத்ஸாகிர் அவர்களின் அடக்கத்தலம் நாற்புறமும் கடல் சூழத் தனித்து நிற்கிறது. ஜியாரத்துக்குச் செல்வோர் நீர்நடுவே அமைத்த நடைபாதையில் நடந்து செல்கின்றனர்.

ஓதநீர் ஊருக்குள் ஏறிவருவதற்கு அங்குள்ளோர் வைத்திருக்கும் பெயர் 'ரோப்'. நாம் மழை, வெயில் என்று சொல்லுமாப்போல் அவர்கள் ரோப் என்கிறார்கள். புயலும் இல்லை, மழையும் இல்லை. தெளிந்த வானத்தின் கீழ் வரும் வெள்ளம் அது.

இந்தக் கரையைக் காப்பதற்கு மூங்கிலும் சுள்ளியும் கொண்டு அவ்வூர் மக்கள் செய்த ஒரு முயற்சியையும், அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏழை ஊர்கள் தங்கள் சக்திக்கு உட்பட்ட செலவில் கடலைத் தடுக்க இயலுமா என்ற கேள்விக்கு இவ்வளவு நேர்மையான விடை வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

சேறு தந்த நாடு

முதலில் ஒரு வியப்பான செய்தி. சுல்தான்களின் காலத்தில் தெமாக் ஒரு துறைமுக நகரம். அதற்கு வடக்கே முரியா என்ற மலை தனித் தீவாக இருந்தது. தீவுக்கும் ஜாவாவுக்கும் இடையே இருந்த நீர்ச்சந்தியில் மரக்கலங்கள் ஓடின. ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் அச்சந்தி நாளடைவில் தூர்ந்து, வயலாகி, ஊராகி, முரியாத் தீவு ஜாவாவோடு ஒட்டிக்கொண்டது. பழைய துறைமுக நகரம் இன்று உள்நாட்டில் பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அதாவது, இந்தக் கரை கல்லாலும் மணலாலும் ஆனதன்று; சேறு கொண்டுவந்து கொடுத்த நாடு. கொடுத்த வழியையே அடைத்துவிட்டால் அது திரும்பிப் போய்விடுமல்லவா? நடந்தது அதுதான்.

சேற்றுக்கரையைக் கட்டிக்காப்பது அலையாத்திக் காடு. அதன் வேர்களும் மூச்சுவேர்களும் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்த நீரிலிருந்து வண்டல் கீழே படிகிறது. படிந்த வண்டலில் புதுக் கன்றுகள் முளைக்கின்றன. இப்படிக் காடு சேற்றையும், சேறு காட்டையும் வளர்த்துவந்தன. 1980-களில் இறாலுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை கிடைத்தபோது வடஜாவாவெங்கும் இக்காடுகள் வெட்டப்பட்டுக் குட்டைகள் ஆயின. தெமாக்கில் கடல்விளிம்பு வரை இறால் குட்டைகள். முதல் சில ஆண்டுகள் பணம் கொழித்தது. பிறகு நோய் வந்து இறால் செத்தது. குட்டையின் மண்வரப்பை அலை அரித்தது. ஒரு வரப்பு உடைந்தால் அடுத்த குட்டை கடலானது. சில இடங்களில் கரை ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக உள்வாங்கிவிட்டது.

கல்லைக் கொட்டினால் என்ன?

கடல் அரிக்கிறது என்றால் நம் நாட்டிலும் உடனே எழும் கோரிக்கை, கல்லைக் கொட்டுங்கள் என்பதே. தெமாக்கிலும் சுவர்களும் தடுப்புகளும் கட்டினார்கள். ஆனால் களிம்பு போன்ற இளஞ்சேற்றின்மேல் கருங்கல்லையும் கான்கிரீட்டையும் வைத்தால் அதன் பாரமே அதனை அமிழ்த்திவிடுகிறது. பிழைத்து நின்ற சுவரோ வேறொரு தீங்கைச் செய்தது. செங்குத்தான சுவரில் மோதும் அலை தன் வலிமையை இழப்பதில்லை; திரும்பிப் பாய்கிறது. வந்த அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து சுவரின் அடியிலுள்ள சேற்றைக் கலக்கி எடுத்துச் செல்கின்றன. அடி ஆழமாகிறது. ஆழமான நீரில் இன்னும் பெரிய அலை வரும். பெரிய அலை இன்னும் தோண்டும். இறுதியில் சுவர் சாய்கிறது. அதற்கும் மேலாக, உள்ளே வரவேண்டிய வண்டலையும் சுவர் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. பசித்தவன் வீட்டுக் கதவைப் பூட்டி, சோறு கொண்டுவருபவனை வாசலில் நிறுத்துவது போன்றது இது.

அலையின் வலிமையைப் பற்றி ஒரு சிறு கணக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்படும். அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. ஆகையால் அலையை முற்றாக நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். இந்த ஒரு கணக்கின்மேல்தான் மூங்கில் வேலி நிற்கிறது.

வேலி எப்படி வேலை செய்கிறது?

கரைக்கு முன்னே, ஆழம் குறைந்த நீரில், இரு வரிசையாகக் கழிகளை நெருக்கமாக நடுகிறார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சுள்ளிகளையும் மிலாறுகளையும் கட்டுக்கட்டாக அடுக்கி, வலை போர்த்தி, கயிற்றால் இறுகக் கட்டுகிறார்கள். நம் தோட்டத்துப் படலைத் தடிமனாக்கிக் கடலில் நிறுத்தியது போலிருக்கும். அலை இதில் முட்டித் திரும்புவதில்லை. சுள்ளிகளின் ஊடே புகுந்து, அலைந்து, களைத்து மறுபுறம் வெளிவருகிறது. ஓதம் ஏறும்போது சேறு கலந்த நீர் உள்ளே வருகிறது. வேலிக்குப் பின்னால் நீர் அமைதியாக இருப்பதால் சேறு படிகிறது. வற்றும்போது தெளிந்த நீர் வெளியேறுகிறது. ஓதம் தோறும் ஒரு மெல்லிய படலம். இதனை அவர்கள் பெரிய பெரிய கட்டங்களாக அமைத்து, வாய்க்கால்களுக்கு வழிவிட்டுச் செய்தார்கள்.

தரை போதிய அளவு உயர்ந்தபின் கண்டல் விதைகள் தாமே மிதந்துவந்து ஊன்றிக்கொள்கின்றன. நடவே வேண்டியதில்லை. இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்கள் பல நாடுகளில் நடக்கின்றன. கண்டல் மரம் நீரில் வாழும் மரம் என்று எண்ணி, எந்நேரமும் நீர் நிற்கும் பள்ளத்தில் நடுகிறார்கள். உண்மையில் அது கடலின் சராசரி மட்டத்துக்கு மேலே, நாளின் பெரும்பொழுது காற்றுப்படும் தரையில் முளைப்பது. பள்ளத்தில் நட்ட கன்று அலையில் பிடுங்கப்படும். அல்லது கொட்டலசு அப்பிச் சாகும். தரையை உயர்த்தாமல் கன்று நடுவது, கூரையில்லாத வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது.

இந்த உத்தி ஜாவாவில் பிறந்ததன்று. நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் வாட்டன் கடற்கரையில் விவசாயிகள் நெடுங்காலமாகச் சுள்ளி வேலி கட்டிச் சேற்றைப் பிடித்துப் புல்நிலம் ஆக்கிவந்தனர். வியட்நாமில் மீகாங் கழிமுகத்தின் சோக் த்ராங், பாக் லியூ பகுதிகளில் ஜெர்மன் உதவியோடு மூங்கில் வேலிகள் அமைக்கப்பட்டன. ஜாவா வம்சாவளியினர் பலர் வாழும் தென் அமெரிக்க நாடான சூரினாமிலும் இதனைச் செய்து பார்த்திருக்கின்றனர்.

தெமாக்கில் முதல் சோதனை வேலி 2013-இல் எழுந்தது. பின்னர் 2015 முதல் 2021 வரை, இந்தோனேசியாவின் கடல், மீன்வள அமைச்சகமும், வெட்லேண்ட்ஸ் இண்டர்நேஷனல் என்ற சதுப்புநிலக் காப்பு நிறுவனமும், எக்கோஷேப் என்ற டச்சுக் கூட்டமைப்பும், பிறரும் சேர்ந்து 20 கிலோமீட்டர் கடற்கரையைக் கருத்தில் கொண்டு ஒரு பெருந்திட்டமாக இதனை நடத்தினர். செமாராங்கின் டிப்போனெகோரோ பல்கலைக்கழகமும் அதில் பங்குகொண்டது.

ஊர்மக்களின் பங்கு

வேலியின் சிறப்பு அதன் விலையில் மட்டும் இல்லை. கிரேன் வேண்டாம், கப்பல் வேண்டாம். கழியும் சுள்ளியும் அக்கம்பக்கத்தில் கிடைப்பவை. ஊர் ஆண்களே படகில் சென்று நட்டார்கள். கூலியும் ஊரிலேயே தங்கியது. பழுதுபார்க்கவும் அவர்களுக்குத் தெரியும். கருங்கல் சுவர் விரிசல் விட்டால் தலைநகரில் கோப்பு நகர வேண்டும். சுள்ளி குறைந்தால் பக்கத்து வீட்டாரை அழைத்தால் போதும்.

ஆனால் ஒரு சிக்கல். மீண்டுவரும் சேற்றில் முளைக்கும் காட்டை மறுபடி வெட்டி இறால் குட்டை ஆக்கிவிட்டால்? பசி உள்ளவரை அச்சம் நியாயமானதே. அதற்காக அவர்கள் கண்ட ஏற்பாடு நம் ஜமாஅத்துகளும் அறிந்துகொள்ளத் தக்கது. ஊர்க் குழுக்களுக்குத் தொழிலை மேம்படுத்த நிபந்தனையோடு பணம் தரப்பட்டது. வேலியைப் பேணுவதும், காட்டைக் காப்பதும், கடலோரக் குட்டைகளை விட்டுக்கொடுப்பதும் நிபந்தனைகள். அவற்றைச் சரிவர நிறைவேற்றினால் அப்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கூடவே குட்டைக்காரர்களுக்கு ஒரு பருவம் முழுதும் வயலிலேயே நடத்தும் பாடசாலை. விலைகொடுத்து வாங்கும் மருந்தைக் குறைத்து, ஊரில் கிடைக்கும் கழிவுகளைப் புளிக்கவைத்துத் தாமே செய்யும் உரத்தைக் கொண்டு இறாலும் பால்மீனும் வளர்க்கக் கற்றுத்தந்தார்கள். குட்டையின் ஒரு பகுதியை ஆற்றோரக் காட்டுக்கு விட்டுக்கொடுத்து, வரப்பை உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளும் முறையும் கற்றுத்தரப்பட்டது. சிறிய குட்டையிலிருந்து முன்னைவிட நல்ல வருமானம் கண்டவர்கள் பலர். காட்டைக் காக்கும் விதிகளை ஊராட்சிகள் தாமே இயற்றின.

119 ஹெக்டேர் அலையாத்திக் காடு மீண்டதாகத் திட்டத்தினர் கணக்குத் தந்தனர். 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை உலகெங்கும் இயற்கையை மீட்கும் முன்மாதிரித் திட்டங்கள் பத்தினைத் தேர்ந்தெடுத்து அறிவித்தபோது, இதுவும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

இத்துடன் கட்டுரையை முடித்திருந்தால் படிப்பதற்கு இனிமையாக இருந்திருக்கும். ஆனால் உண்மையின் மறுபாதி எஞ்சியிருக்கிறது.

புழுவும், அமிழும் தரையும்

வேலியின் முதல் பகை ஒரு புழு. கடல்நீரில் நிற்கும் மரத்தைத் துளைத்து உண்ணும் இப்புழு, பழங்காலத்து மரக்கலங்களுக்கெல்லாம் எமனாக விளங்கியது. ஓராண்டுகூடத் தாங்காமல் கழிகள் உளுத்தன. சுள்ளிகள் தாமும் அமுங்கிக் குறைந்தன. சில அலையில் போயின. ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருந்தது. பிற்பாடு பி.வி.சி. குழாய்க்குள் கான்கிரீட் நிரப்பிக் கழியாக நட்டார்கள். அது நிலைத்தது, ஆனால் செலவு ஏறியது. மலிவான வேலி என்றால் ஒருமுறை கட்டிவிட்டு மறந்துபோகும் வேலி என்று யாரும் எண்ணலாகாது. கல்சுவர் ஒரே தவணையில் வாங்கும் கடன். மூங்கில் வேலி ஆண்டுதோறும் கட்டும் சந்தா.

இரண்டாவது பகை கண்ணுக்குத் தெரியாதது. கட்டுரையின் உயிர்நிலையே அதுதான்.

செயற்கைக்கோள் அளவையின்படி, 1993 முதல் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவில் உயர்ந்துவந்திருக்கிறது. பத்தாண்டுக்குக் கணக்கிட்டால் மூன்று, நான்கு சென்டிமீட்டர். ஏறத்தாழ நம் இருவிரல் அகலம். ஆனால் செமாராங்கின் கிழக்குப் பகுதியிலும் அதனை ஒட்டிய சாயுங் வட்டத்தின் சில இடங்களிலும் தரையே ஆண்டுக்கு 8 சென்டிமீட்டருக்கும் மேலாகக் கீழிறங்குகிறது. பத்தாண்டில் 80 சென்டிமீட்டர். இடுப்பளவு! கடல் அவர்களை நோக்கி ஏறிவந்ததைக் காட்டிலும், அவர்கள் கடலை நோக்கி இறங்கிப்போனதே பன்மடங்கு அதிகம்.

தரை ஏன் இறங்குகிறது? வண்டலால் ஆன இளந்தரை இயல்பாகவே சற்று அமுங்கும். அதன்மேல் ஆலைகளும் குடியிருப்புகளும் பாரமேற்றுகின்றன. எல்லாவற்றினும் பெரிய காரணம் ஆழ்துளைக் கிணறுகள். களிமண் அடுக்குகளின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும் நீர், மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலைகளும் விடுதிகளும் வீடுகளும் ஆழத்திலிருந்து நீரை இறைக்க இறைக்க, அத்தாங்கல் குறைகிறது. களிமண் துகள்கள் நெருங்கி அமுங்குகின்றன. பஞ்சுத் தலையணையை அழுத்தினால் கையை எடுத்ததும் எழும். களிமண் எழாது. பின்னொரு காலத்தில் மழைநீரைச் சேமித்து உள்ளே செலுத்தினாலும், போன உயரத்தில் பெரும்பங்கு போனதுதான்.

இப்போது வேலியின் நிலையை நினைத்துப் பாருங்கள். சேறு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் படிகிறது. தரை அதைவிட வேகமாக இறங்குகிறது. முளைத்த கண்டல் கன்றும் மெல்ல மெல்ல ஆழத்தில் நிற்கிறது. வேலியின் தலையையும் நீர் மூடுகிறது. பெதோனோ, திம்புல்ஸ்லோகோ பக்கம் வேலி தோற்றதற்கு இதுவே காரணம். செமாராங்கிலிருந்து விலகிக் கிழக்கே போகப்போக, தரை இறங்கும் வேகம் குறைவான இடங்களில், அதே வேலி, அதே கைகள், நல்ல பலனைத் தந்தன. தோல்வியின் பொறுப்பு சுள்ளி கட்டிய மீனவன்மேல் விழுவதன்று. அவன் காணாத தூரத்தில், நகரத்தில், மோட்டார் பொத்தானை அழுத்தியவர்கள்மேல் விழுவது. தன் வீட்டு மனைக்கடியில் இருக்கும் நீர் தனக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் இருக்கின்றனர். அது அடுத்தவர் வீட்டின் கடைக்காலும் ஆகும் என்பதை நிலநடுக்கம் இல்லாமலே இக்கரை காட்டிவிட்டது.

நிறுத்த முடியும் என்பதற்குச் சான்று

இது தலைவிதி என்று கைவிட வேண்டியதில்லை. ஜப்பானின் தோக்கியோ நகரத்தின் கிழக்குப் பகுதியில் கோத்தோ வட்டாரம் இருபதாம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கும் மேல் கீழிறங்கியது. 1956-இலும் 1962-இலும் நிலத்தடி நீர் இறைப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் இயற்றினார்கள். ஆலைகளுக்கு வேறு நீர் கொடுத்தார்கள். 1970-களின் நடுவில் அமிழ்வு பெரும்பாலும் நின்றுவிட்டது. இழந்த உயரம் திரும்பவில்லை, கரைகட்டித்தான் வாழ்கிறார்கள். ஆனால் மேற்கொண்டு இறங்கவில்லை. குழாய்நீர் கொடுப்பதும் கிணற்றை மூடுவதும் கடற்கரைக் காப்புப் பொறியியலில் சேரும் என்று இதிலிருந்து கொள்ளலாம். உலகில் இதைவிட மலிவான கடற்சுவர் இல்லை என்று துணிந்து கூறுவேன்.

செமாராங்கிலும் அதற்கான தொடக்கம் இல்லாமல் இல்லை. ஜதிபாராங் நீர்த்தேக்கத்தைக் கொண்டு நகரின் மேற்குப் பகுதிக்கு விநாடிக்கு 1,000 லிட்டர் குடிநீர் தரும் திட்டம் 2021-இல் இயங்கத் தொடங்கியது. மேற்குப் பகுதிக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அமிழ்வின் கொடுமை மிகுந்தது கிழக்கில்.

மறுபுறம் பெருஞ்சுவர்களின் காலமும் வந்துகொண்டிருக்கிறது. செமாராங்குக்கும் தெமாக்குக்கும் இடையே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சுங்கச்சாலை திட்டமிடப்பட்டது. சாயுங்கிலிருந்து தெமாக் நகர்வரை 16 கிலோமீட்டர் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எஞ்சிய கடலோரப் பகுதியில் சாலையே கடலணையாகவும் அமையும்படி வகுத்திருக்கிறார்கள். அந்த நவீன அணைக்கும் அடித்தளமாகச் சேற்றின்மேல் விரிக்கப்படுவது பல அடுக்கு மூங்கில் பாய்கள்தாம்! இளஞ்சேற்றில் மூங்கிலை மிஞ்சிய தோழன் இல்லைபோலும். இதற்கும் மேலாக, பாந்தென் முதல் கிழக்கே கிரெசிக் வரை 500 கிலோமீட்டர் நீளத்துக்கு மாபெரும் கடற்சுவர் எழுப்பப்படும் என்றும், அதற்கு 80 பில்லியன் டாலர் ஆகலாம் என்றும் அதிபர் பிரபோவோ 2025 ஜூனில் தெரிவித்தார். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 16 கோடி டாலர்.

இலட்சக்கணக்கானோர் வாழும் பெருநகரைச் சுவரின்றிக் காக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூங்கில் வேலி ஜகார்த்தாவைக் காக்காது. ஆயினும் சுவர் கட்டும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றுண்டு: சுவருக்கு வெளியே நிற்பவர் யார்? ஜகார்த்தாவின் மூவாரா பாரு துறைமுகப் பகுதியில் வல் அதுனா என்னும் பள்ளிவாசல் கடற்சுவருக்கு அப்பால் அகப்பட்டு, பாதி நீரில் மூழ்கிக் கைவிடப்பட்டு நிற்கிறது. ஒரு காலத்தில் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் ஸஃப் கட்டி நின்ற இடத்தில் இன்று கடல்நீர் நிற்கிறது. சுவரும் கட்டி, உள்ளே கிணறும் இறைத்துக்கொண்டே இருந்தால், தரை இறங்க இறங்கச் சுவரை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். வடஜகார்த்தாவில் நடந்துவந்தது அதுவே.

நம் கரைக்கு இது பொருந்துமா?

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை வாசகர்கள் இதைப் படித்ததும் தங்கள் ஊர்ச் சேற்றையும் அலையாத்தியையும் நினைத்திருப்பார்கள். சேறும், அதனைக் கொண்டுவரும் அமைதியான ஆழம் குறைந்த நீரும் உள்ள இடத்துக்கே இவ்வேலி உரியது. நம் கிழக்குக் கரையின் பெரும்பகுதி மணற்கரை. அங்கே அலை வலியது, மணல் கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டிருப்பது. சுள்ளி வேலி அங்கே ஒரு வடகிழக்குப் பருவத்தைத் தாங்காது. துறைமுகச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் தடுத்துவைத்த மணலை எடுத்து மறுபக்கம் சேர்ப்பதே மணற்கரைக்கு ஏற்ற மருந்து. ஜாவாவில் சேற்றுக்கு வழிவிட்டார்கள். இங்கே மணலுக்கு வழிவிட வேண்டும். வேலியை இரவல் வாங்க வேண்டியவர்கள் சதுப்புநிலத்தார் மட்டுமே. கிணற்றைப் பற்றிய செய்தியோ, கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியுள்ள எல்லா ஊர்க்காரருக்கும் உரியது. நம் பக்கத்தில் தரை அமிழ்வதற்கு முன்பே கிணற்றில் உப்பு ஏறி எச்சரித்துவிடுகிறது.

தெமாக்கில் ஆண்டின் இறுதியில் மேல்காற்றுப் பருவம் தொடங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஜாவாக் கடலின் அலைகள் உயர்ந்து வடகரையைத் தாக்கும். வேலி எஞ்சியிருக்கும் ஊர்களில், அப்பருவம் வருவதற்கு முன்னரே கழிகளை ஆட்டிப் பார்த்து, உளுத்ததைப் பிடுங்கிப் புதிது நட்டு, அமுங்கிய இடத்தில் சுள்ளிக்கட்டுகளைத் திணித்து, கயிற்றை மறுபடி இறுக்க வேண்டும்.